தலையும் வாலும் இல்லாத புத்தகம்

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் நூலகம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடங்கியிருந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவுக்கு அப்பால் இருந்த ரப்பர்த் தோட்டம் அது. ஓர் ஆசிரியரே மூன்று வகுப்புகளை ஒரே கூரையின்கீழ் மாற்றி மாற்றிக் கவனித்துக்கொண்டிருந்த காலம். வெள்ளிக்கிழமைகளில் அவர் அந்தத் தகரத்தைத் திறப்பார். பலர் கைபட்டு மூலைகள் உருண்டுபோன பாடநூல்கள், நீதிக்கதைகள், எவரோ விட்டுச்சென்ற பழைய வார இதழ்கள் ஆகியவற்றுக்கு நடுவே அட்டையில்லாத புத்தகம் ஒன்று கிடந்தது. அதற்கு முதற்பக்கங்களும் இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. நூலின் பெயரும் தெரியாது; எழுதியவரின் பெயரும் தெரியாது.

1962ஆம் ஆண்டின் இறுதியில் என் அக்காள் அப்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் அப்போது ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். அத்துடன் அவள் படிப்பும் முடிந்தது. "தலையும் வாலும் இல்லாத புத்தகத்தை யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? நீயே வைத்துக்கொள் அம்மா" என்று ஆசிரியர் கொடுத்துவிட்டாராம். அந்நாளில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல நுழைவுத்தேர்வு ஒன்று இருந்தது. பெண்பிள்ளையைத் தனியே பேருந்தில் ஏற்றிச் செரம்பானுக்கு அனுப்பும் எண்ணம் எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லாமையால், தேர்வைப் பற்றிய பேச்சே எழவில்லை. பின்னர் அத்தேர்வை அரசாங்கம் நீக்கிவிட்டது. 1965இல் ஆறாம் வகுப்பை முடித்த நான் எந்தத் தேர்வும் எழுதாமல் புகுமுக வகுப்புக்குப் போனேன். மூன்று ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டது அவள் செய்த பிழை.

ஆயாக் கொட்டகையில் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டும் வேலை அவளுக்குக் கிடைத்தது. மாலையில் வீடு திரும்பிக் குளித்து, அம்மாவுக்கு அடுப்படியில் உதவிவிட்டு, எங்கள் லயத்து வீட்டின் அஞ்சடியில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள். நான் கேட்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். உதிரத் தொடங்கிய தாள்களை அவள் கோணி ஊசியால் துளைத்து, மூட்டை கட்டும் நூலால் தைத்து வைத்திருந்தாள்.

கதை ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது. ஒரு பெண் மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணீர் பட்டு மாலை கெட்டுவிடுகிறது. புதிய மலர் கொய்து வருமாறு அவளைத் தோழியுடன் அனுப்புகிறார்கள். அவள் ஏன் அழுதாள் என்பது கிழிந்துபோன பக்கத்தில் இருந்தது. அது எங்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை. வேலை செய்துகொண்டே அழுகின்ற பெண்ணைப் புரிந்துகொள்ள எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு முன்கதை தேவைப்படவில்லை.

மலர்வனத்துக்கு அவளைத் தேடி அரசிளங்குமரன் தேரில் வருகிறான். அவள் பளிங்கு மண்டபம் ஒன்றில் நுழைந்து தாழிட்டுக்கொள்கிறாள். உள்ளே இருப்பவளின் உருவம் வெளியே தெரிகிறது. குரல் மட்டும் கேட்கவில்லை. அப்படியொரு வீடு உலகில் இருக்கமுடியுமா என்று நாங்கள் பல நாள் வழக்காடினோம். பிறகு கடலின் காவல் தெய்வம் வருகிறது. உறங்குகின்ற பெண்ணைத் தழுவி எடுத்து வான்வழியே கொண்டுபோய், முப்பது யோசனைத் தொலைவில் ஒரு தீவின் மணலில் கிடத்திவிட்டு மறைகிறது. விடிந்ததும் அவள் கண்விழித்துப் பார்க்கிறாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அலையும் மணலும் மட்டுமே இருக்கின்றன.

அந்த மணல் எங்களுக்குத் தெரிந்த மணல். ஆண்டுக்கொரு முறை தோட்டத்து லோரியில் எங்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார்கள். சவுக்கு மரங்களின் கீழே புளிச்சோறு உண்டுவிட்டு, மாலைவரை அலையில் கிடப்போம். அந்த ஆண்டு அக்காள் தண்ணீரில் இறங்கவே இல்லை. மணலில் கண்மூடிப் படுத்திருந்தாள். நான் போய் எழுப்பியபோது, "பேசாதே, இப்போதுதான் விழித்திருக்கிறேன், இங்கே யாரையும் எனக்குத் தெரியாது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இலக்கியம் கற்ற அன்பர்கள் இந்நேரம் அந்தப் புத்தகம் இன்னதென்று கண்டுகொண்டிருப்பார்கள். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை எவரோ சிறுவர்க்கென உரைநடையில் எழுதிய நூல் அது. எங்களுக்கு அது தெரியாது. காப்பியம் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றைப் படிக்கிறோம் என்று எவரேனும் சொல்லியிருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேர் அன்றே எழுந்து போயிருப்பார்கள். எங்களுக்கு அது மந்திரக் கதை. எங்கள் வயதை ஒத்த ஒரு பெண் வீட்டைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டு, மந்திரம் பெற்று, வேறொருத்தியாகத் திரும்பி வருகின்ற கதை.

தீவில் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது: வேண்டிய உருவம் கொள்ள ஒன்று; வானில் பறந்து செல்ல ஒன்று; பசியைத் தாங்கிக்கொள்ள ஒன்று. இந்த மூன்றில் எது வேண்டும் என்பதே அவ்வாண்டு எங்கள் லயத்தின் பெருவிவாதம். ஆண்பிள்ளைகள் அனைவரும் பறக்கும் மந்திரத்தைக் கேட்டோம். ஒருவன் மட்டும் தண்டலின் உருவத்தை எடுத்துத் தண்டலின் வீட்டுக்குள்ளேயே போய் உட்காரவேண்டும் என்றான். அக்காள் மூன்றாவது மந்திரத்தைக் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். பறக்க முடிந்தவனுக்குச் சோறா கிடைக்காது என்று நான் கேட்டேன். "மழைக்காலத்தில் எங்கே பறந்து போவாய்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அக்கேள்வியின் பொருள் தோட்டத்தில் வாழாதவர்க்கு விளங்காது. மழையில் பால்மரம் வெட்ட முடியாது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நில்லாமல் வழிந்தோடும்; மங்கில் விழும் பாலும் மழைநீரோடு கலந்து கெடும். எனவே மழை நாளில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட மாட்டார்கள். வெட்டு இல்லையென்றால் அந்நாளுக்குக் கூலி இல்லை. ஆண்டிறுதியில் தொடர்ந்து மழை பிடித்தால், கடையில் பற்று ஏறும், சோறு கஞ்சியாகும், கஞ்சி மேலும் நீர்த்துப்போகும். விடியற்காலையில் தகரக் கூரையில் மழையொலி கேட்டால் அப்பா எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பார். அந்த மௌனம் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதனால்தான் ஆபுத்திரனின் கதை வந்த இரவு எங்கள் வாசிப்பு தடைப்பட்டு நின்றது. அமுதசுரபி என்னும் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வருவதற்கு முன்னர் அதை வைத்திருந்தவன் ஆபுத்திரன். பெற்றவள் கைவிட்டுப் போக, பசுவொன்று பால் ஊட்டிக் காத்த குழந்தை அவன். வளர்ந்தபின், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துச் சென்றதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறான். மதுரையில் ஓட்டை ஏந்தி வீடுவீடாக இரந்து, குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குகிறான். மழை கொட்டும் ஓர் இரவில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் தவித்தபோது, சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அவன் கையில் கொடுக்கிறாள். அவனுடைய அறத்தால் இந்திரனின் இருக்கை அசைகிறது. இந்திரன் நேரில் வந்து வரம் தருவதாகச் சொல்ல, ஆபுத்திரன் சிரிக்கிறான். சினந்த இந்திரன் அவனை வெல்ல ஒரு வழி காண்கிறான்: நாடெங்கும் மழையைப் பொழியச் செய்கிறான். வளம் பெருகிப் பசித்தவரே இல்லாமற் போகின்றனர். பாத்திரத்தை ஏந்தித் தெருத்தெருவாய் அலைந்தும் உண்பவர் ஒருவரும் கிடைக்கவில்லை.

அக்காள் படிப்பதை நிறுத்திவிட்டாள். "இது தப்பு. மழை பெய்தால் பசி எப்படிப் போகும்? மழை பெய்தால்தானே பசி வரும்" என்றாள். அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து, "அது ஊரில் பெய்த மழை. நெல் வயலில் பெய்த மழை" என்றார். அம்மா சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். வயலில் பெய்யும் மழையைக் கண்ணால் பார்த்தவர். நாங்கள் ரப்பர் மரத்தின் கீழே பிறந்தவர்கள். ஒரே மழை ஓரிடத்தில் சோறாகவும் இன்னோரிடத்தில் பட்டினியாகவும் இருக்கமுடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிற்காலத்தில் எத்தனையோ உரைகளைப் படித்தேன். அந்த இடத்துக்கு அம்மா சொன்ன உரையை விடச் சிறந்ததைக் கண்டதில்லை.

ஆபுத்திரனின் முடிவு எங்களை மிகவும் வருத்தியது. சாவகத்தில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு, அங்கே போகக் கப்பலேறுகிறான். காற்று மிகுந்ததால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகிறது. அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் இரவிலே புறப்பட்டுவிடுகிறது. மனிதரில்லாத தீவில், ஊரையே ஊட்டவல்ல பாத்திரத்துடன் அவன் தனியே நிற்கிறான். தான் மட்டும் உண்டு வாழ மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இறக்கிறான்.

அந்தப் பாத்திரமே பிறகு மணிமேகலையின் கையில் ஏறுகிறது. எனினும் அது தானாக நிறைவதில்லை. முதற்பிச்சையை நல்லாள் ஒருத்தி இடவேண்டும். ஆதிரை இடுகிறாள், அதன்பின்னரே பாத்திரம் சுரக்கத் தொடங்குகிறது. இந்த நிபந்தனையை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். உலகின் பசியைத் தீர்க்கவந்த மந்திரப் பாத்திரமும், முதற்பிடிச் சோற்றை ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் பன்னிரண்டு ஆண்டுகள் வாடிய காயசண்டிகை ஒரு பிடியில் நோய் தீர்ந்து எழும் இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். சிறையில் கிடந்தோர்க்கு உணவளித்தவளை அரசன் அழைத்து, வேண்டுவது யாதென்று கேட்க, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கித் தருமாறு அவள் கேட்கும் இடத்தை அக்காள் மூன்று முறை படித்தாள்.

எங்கள் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் மணிமேகலை பறந்து சாவகத்துக்கு வருகிறாள். ஆபுத்திரன் அங்கே மறுபிறவியில் அரசனாக ஆண்டுகொண்டிருக்கிறான். சாவகம் என்பது ஜாவாவையோ அதனைச் சூழ்ந்த தீவுகளையோ குறிக்கும் என்று அறிஞர்கள் எழுதியிருப்பதைப் பின்னாளில் படித்தேன். அன்று எங்களுக்கு உதவியது பள்ளிச்சுவரில் தொங்கிய நிலப்படமே. அதிலிருந்த ஜாவாவைக் காட்டி, "அவள் நம் பக்கம்தான் வந்திருக்கிறாள்" என்றாள் அக்காள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து ஜாவாவுக்கு நேர்க்கோடு இழுத்தால் அது எங்கள் தோட்டத்தின் மேல் செல்லுமா என்று அடிக்கோல் வைத்துப் பார்த்தோம். செல்லவில்லை. அடிக்கோலைச் சற்றே சாய்த்துப் பிடித்துச் செல்லவைத்தோம்.

அரசன் மணிமேகலையின் சொற்படி மணிபல்லவத்துக்குக் கப்பலில் வந்து, மணலைத் தோண்டி, முற்பிறப்பில் அங்கே இறந்துகிடந்த தன் எலும்பைத் தானே காண்கிறான். அந்த இடத்தில் புத்தகம் அறுந்துபோயிருந்தது. தன் எலும்பின் முன்னே நின்ற அரசனை நாங்கள் நான்கு ஆண்டுகள் அப்படியே நிற்கவைத்திருந்தோம்.

முடிவை நாங்களே உண்டாக்கினோம். என் முடிவில் மணிமேகலை அரசியாகி ஒரு படை திரட்டினாள். அக்காளின் முடிவு மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தது. ஒன்றில் அவள் பள்ளிக்கூடம் வைத்தாள்; இன்னொன்றில் எல்லாத் தோட்டங்களுக்கும் மாதம் ஒருமுறை பறந்து வந்தாள். எதிலும் அவள் மணமுடித்துக் கொள்ளவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இனி நான் சொல்லவேண்டியது எனக்குப் பெருமை தருவதன்று. 1966இல் நான் செரம்பானில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, என்னிடம் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள அதை எடுத்துச் சென்றேன். அக்காளிடம் கேட்கவில்லை. அப்போது அவள் பால்மரம் வெட்டத் தொடங்கியிருந்தாள். விடியுமுன் தலைவிளக்குடன் தீம்பாருக்குப் போய்விடுவாள். மாலையில் படிப்பது குறைந்துபோயிருந்தது. ஒரு மாதத்துக்குள் அப்புத்தகத்தை வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு திரைப்படச் சீட்டைப் பெற்றேன். படத்தில் எம்.ஜி.ஆர். நடித்தார். கதை நினைவில்லை.

அவள் புத்தகத்தைத் தேடவேயில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். 1970இல் அவளுக்கு பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் மணம் பேசி முடித்தார்கள். புறப்படுவதற்கு முந்திய நாள் தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கும்போது, "தம்பி, அந்தப் புத்தகம் எங்கே?" என்று கேட்டாள். கரையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். லயத்து வீடுகளில் கரையான் தின்னாத பொருள் இல்லையாதலால் அந்தப் பொய் எளிதாக நின்றது. அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடினாள்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில்தான் மணிமேகலை மூலத்தை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். கழகப் பதிப்பு, இருபத்தாறு காதைகளுக்கு ந. மு. வேங்கடசாமி நாட்டாரும், எஞ்சிய நான்குக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும் உரை எழுதியது. நான்காம் காதையைத் திறந்ததும் பளிங்கு மண்டபம் கண்ணில் பட்டது. நூலக மேசையில் அமர்ந்திருந்த எனக்கு மண்ணெண்ணெய் வாசனை வந்தது. எங்கள் தகரத்து மந்திரக்கதை இதுதான் என்பதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லவேண்டியவளிடம் சொல்ல என் பொய் குறுக்கே நின்றது.

மூலத்தில், சிறுவர் நூல் விட்டுவிட்ட பலவற்றைக் கண்டேன். பளிங்கு மண்டபத்திலிருந்து வெளிவந்த மணிமேகலை, தன்னை இழித்துப் பேசிய அந்த இளவரசன் பின்னே தன் நெஞ்சு போயிற்று என்று தோழியிடம் ஒளிவில்லாமல் சொல்கிறாள். பிறகு அவன் வாளால் வெட்டுண்டு கிடக்கக் கண்டு அரற்றி அவனருகே செல்ல முற்படுகிறாள்; தூணில் உறையும் பாவை தடுத்து நிறுத்துகிறது. பிறக்கும்போதே துறவியாய்ப் பிறந்தவள் என்று நம் குறிப்பேடுகள் காட்டும் மணிமேகலை வேறு. சாத்தனார் காட்டும் பெண் வேறு. ஆடல்மகளாகவே வாழவேண்டும் என்று பாட்டி சித்திராபதி ஒருபுறம் இழுக்க, அரசகுமரன் ஒருபுறம் இழுக்க, தன் நெஞ்சும் ஒருபுறம் இழுக்க, அத்தனைக்கும் நடுவில் தன் தொழில் எதுவென்று தானே கண்டுகொள்ளும் இளம்பெண் அவள். தாய் வெட்டிய நிரையை மகள் வெட்டுவதும், தந்தை தூக்கிய வாளியை மகன் தூக்குவதும் இயற்கை என்றிருந்த தோட்டத்தில் இந்தக் கதை ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்பது அன்று எனக்குப் புரிந்தது.

புரிந்திருந்தும் நான் எப்படிக் கற்பித்தேன்? இருபத்தேழாம் காதையில் எத்தனை சமயவாதிகள் வருகின்றனர், ஒவ்வொருவர் கொள்கை யாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். காதைகள் முப்பது, ஆசிரியர் சாத்தனார், சமயம் பௌத்தம் என்று மனப்பாடம் செய்வித்தேன். சோறு கொடுப்பதும் உயிர் கொடுப்பதும் ஒன்றே எனும் புகழ்பெற்ற அடியைக் கட்டுரையில் எங்கே செருகினால் மதிப்பெண் வரும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாணவர் எவரும் கொட்டாவி விட்டதற்கு நான் அவர்களைக் குறைசொல்ல இயலாது.

ஒன்று மட்டும் ஆறுதலாகச் சொல்லலாம். 1898இல் இந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் தொடக்கத்தில் இது எச்சமய நூல் என்றே அறியாமல் திகைத்தவர்தாம். கும்பகோணம் கல்லூரியில் மளூர் ரங்காசாரியார் இது பௌத்த நூல் என்று எடுத்துக்காட்டிய பின்னரே அவருக்கு வழி திறந்தது. தலையும் வாலும் சிதைந்த ஏடுகளோடு அவர் வாழ்நாளெல்லாம் போராடினார். எங்கள் தகரத்துப் புத்தகத்தை அவர் கண்டிருந்தால் சிரித்திருப்பாரோ, கண்ணீர் விட்டிருப்பாரோ, அறியேன்.

அண்மையில் என் பேத்தி ஓர் ஆங்கில நாவலைக் கையிலிருந்து கீழே வைக்காமல் படித்தாள். உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1968இல் வெளியிட்டது. எர்த்சீ என்ற தீவுக்கூட்டத்தில் நடக்கும் கதை. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் மந்திரம் கற்கிறான். தருக்கினால் ஒரு கரிய நிழலை உலகுக்குள் அவிழ்த்துவிடுகிறான். படகில் ஏறித் தீவுதீவாய் அலைந்து, இறுதியில் அந்நிழலைத் தன் பெயரிட்டே அழைத்துத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறான். எனக்குப் புரியாத இடங்களில் அவள் பொருள் சொல்ல, நானும் முழுவதும் படித்தேன். மிகவும் மகிழ்ந்து படித்தேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. "இப்படித் தமிழில் உண்டா தாத்தா? சின்னப் பிள்ளை மந்திரம் கற்றுப் பெரியவளாகிற கதை?" என்று கேட்டாள். நான் அஞ்சடியையும் விளக்கையும் அக்காளையும் சொன்னேன். பளிங்கு மண்டபத்தைச் சொன்னபோது அவள் கண்கள் விரிந்தன. தன் எலும்பைத் தானே காணும் அரசனிடம் வந்தபோது, "அப்புறம்?" என்றாள்.

இவ்வகைக் கதைகளில் வீரனுக்கு வாள் கிடைக்கும், மோதிரம் கிடைக்கும், மாயக்கோல் கிடைக்கும். சோற்றுப் பாத்திரம் கிடைத்த வேறு நாயகியை நான் இதுவரை எந்த நாட்டுக் கதையிலும் சந்திக்கவில்லை. பேத்திக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. பசியை அவள் அறியாள். அதற்காக நான் வருந்தவும் மாட்டேன்.

மறு ஞாயிறன்று மணிமேகலையை எடுத்துக்கொண்டு பகாவ் புறப்பட்டேன். புக்கிட் புத்தூஸ் ஏறி இறங்கி, கோலப்பிலா வழியாகச் செல்லும் சாலை. முன்பு இருபுறமும் ரப்பராக இருந்த நிலம் இப்போது பெரும்பாலும் செம்பனை. அக்காளின் தோட்டமும் செம்பனையாகிப் பல ஆண்டுகள் ஆயின, லயங்களை இடித்துவிட்டார்கள், அவள் நகரத்தில் ஒரு சிறு தரைவீட்டில் மகனோடு இருக்கிறாள். முழங்கால் வலியைத் தவிர வேறு குறை சொல்வதில்லை.

பொய்யை முதலில் சொல்லி முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். சொன்னேன். அவள் சிரித்தாள். "கரையான் தாளைத்தான் தின்னும், தம்பி. நான் தைத்த கோணி நூல்கூடவா மிஞ்சாது? அன்றைக்கே அலமாரிக்கு அடியில் தேடிப் பார்த்தேன். படம் நன்றாக இருந்ததா?" என்றாள். திரைப்படச் சீட்டை அவள் எப்படி அறிந்தாள் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அறுந்த இடத்திலிருந்து தொடங்கினேன். மூலத்தை ஓரடி ஈரடி படித்து, பொருளைக் கதையாகச் சொன்னேன். அரசன் மணலைவிட்டு எழுந்தான். இத்தனை ஆண்டுகள் நின்றவன். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தி வந்தது. மணிமேகலை வஞ்சிக்குப் போய் முனிவன் வடிவில் சமயவாதிகளைக் கேட்ட இடத்தில் அக்காள் மெல்லக் கண்ணயர்ந்தாள். நான் பக்கங்களைத் தள்ளினேன். காஞ்சியில் மழை பொய்த்து மக்கள் பசியால் மடிகின்றனர் என்றதும் விழித்துக்கொண்டாள். மணிமேகலை அங்கே பறந்து சென்று, அமுதசுரபியை வைத்துப் பசித்தோரையெல்லாம் அழைத்து ஊட்டியதைக் கேட்டுத் தலையசைத்தாள். அறவண அடிகளிடம் தருமம் கேட்டாள், பிறவித் தளை அறுக என்று நோன்பு பூண்டாள், நூல் முற்றியது என்று நான் புத்தகத்தை மூடினேன்.

"பாத்திரம் என்ன ஆனது?" என்று கேட்டாள்.

"எந்தப் பாத்திரம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட மறுகணமே முகம் கன்றியது. முப்பதாண்டுகள் இந்நூலைக் கற்பித்தவன் நான். அவ்வினாவை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. நானும் எவரிடமும் கேட்டதில்லை.

"மறுபடியும் கோமுகிப் பொய்கைக்கே போயிருக்கும், அக்கா. அதன் இடம் அதுதானே" என்றேன்.

"அதெப்படி? அவன் சோறு போட ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டான், அதனால் தண்ணீரில் விட்டான். இவள் இருந்ததோ பஞ்சம் வந்த ஊர். ஆயிரம் பேர் சுற்றி நிற்கும்போது யாராவது பாத்திரத்தைக் கொண்டுபோய்க் குளத்தில் விடுவார்களா?" என்றாள். பின்னர், "நன்றாகத் தேடிப் பார். எழுதாமல் விட்டிருக்கமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து எனக்குச் சோறு போடப் போனாள்.

வீட்டுக்கு வந்து கடைசி இரு காதைகளையும் உரையோடு வரிவரியாகப் படித்தேன். அளவை நூல் இருந்தது. பேதைமை முதலாகப் பிறப்பு இறப்பு வரை தொடரும் பன்னிரு சார்புகளும் இருந்தன. அமுதசுரபி இறுதியில் எங்கே போயிற்று என்பது எங்கும் இல்லை. அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்து அவளிடம் சொன்னேன்.

"அப்படியானால் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது" என்றாள். பிறகு செரம்பானில் மழையா என்று கேட்டாள். பகாவில் மூன்று நாளாக விடாமல் பெய்கிறதாம்.